கடைசிக் குருவிக்கு வாய்க்கரிசி

அந்தக் கோடையில் மல்கிரேவ் ஊர் முழுக்க ஈ, இலையான் மொய்த்தது. சத்தியபாமாவின் வீட்டில் மட்டும் மருந்துக்கும் ஒன்றில்லை. குசினி மேசையில் வெட்டிவைத்த முலாம்பழம் புளித்து நாறியும் ஒன்றும் எட்டிப்பார்க்கவில்லை. நல்லதாய்ப் போயிற்று என்றுதான் முதலில் நினைத்தாள், பேதை. மகள் யோகா சில நாளாகச் சோற்றைத் தொடாததையும் வாய் திறந்து பேசாததையும் அவள் இதோடு சேர்த்துப் பார்க்கவில்லை. நாலு வயது. தவமிருந்து பெற்ற ஒரே பிள்ளை.

சத்தியபாமாவுக்கு மியூசியத்தில் வேலை. செத்த பறவைகளைக் கெடாமல் பாடம்பண்ணுவாள். போன கிழமை பசிபிக் கடலின் ஏதோ ஒரு மூலைத் தீவிலிருந்து உள்ளங்கைக்குள் அடங்கும் குருவியொன்று வந்தது. இலையான் பிடித்துத் தின்னும் சாதி. அந்தத் தீவைவிட்டால் வேறெங்கும் கிடையாது. இதுதான் கடைசி என்றார்கள். செத்ததற்கு அழ ஒரு நாதியில்லையே என்று அவளுக்கு நெஞ்சு உருகிவிட்டது. மறுநாள் கொஞ்சம் பச்சரிசி கொண்டுபோய் அதன் அலகுக்குள் போட்டாள்.

புருஷன் மகேந்திரராஜாவுக்கு அதைக் கேட்டதும் முகம் கறுத்தது.

"உமக்கென்ன விசரே? வாய்க்கரிசி உரித்துக்காரரெல்லோ போடுறது. இனி அதுக்கு நீர்தான் சொந்தம்."

"பாவமெண்டு போட்டனானப்பா."

பாவம் பார்க்கப்போய்ப் பழி வந்து சேரும் என்று சும்மாவா சொன்னார்கள்?

இன்று அவர் வேலையால் இன்னும் வரவில்லை. பொழுது சாய்ந்தும் வெக்கை இறங்காத வீட்டில், யோகாவின் அறைப் பக்கமிருந்து, காய்ந்த இரண்டு குச்சிகளைத் தட்டியதுபோல டிக் என்று ஒரு சத்தம் கேட்டு, ஓய்ந்து, பிறகு முகட்டுக்குக் கிட்ட, பிள்ளைக்கு எட்டாத உயரத்தில், மறுபடி கேட்டது.

"யோகா? என்னம்மா செய்யிறீர்?"

உள்ளே போனாள். கட்டில் வெறுமையாகக் கிடந்தது. உப்புக்காற்றின் மணம். கடல் எங்கே, மல்கிரேவ் எங்கே?

நிமிர்ந்து பார்த்தாள்.

அலுமாரியின் உச்சியில் யோகா குந்தியிருந்தாள். கைகள் பின்னால் மடங்கியிருந்தன. தலை சரிந்திருந்தது.

ஐயோ, என்ரை பிள்ளை!

விளக்கைச் சுற்றி ஒரு விட்டில் பறந்தது. யோகா பாய்ந்தாள். டிக். திரும்ப உச்சியில். விட்டில் இல்லை.

அறையில் இனி அசைய ஒன்றுமில்லை.

சத்தியபாமா கண் இமைத்தாள். யோகாவின் தலை வெடுக்கென்று அவள் பக்கம் திரும்பியது. மறுபடி இமைத்தாள். பிள்ளை விளிம்புக்கு நகர்ந்தது.

விளங்கிவிட்டது. பசி.

கண்களை அகல விரித்தபடி அப்படியே நின்றாள். எரிந்தது. நீர் கட்டியது. மேலே யோகா முன்னால் சாய்ந்து, அந்த இமைகளையே பார்த்துக் காத்திருந்தாள்.