அப்பாவின் ஒரு தட்டு

எங்கள் அப்பாவுக்குத் தெரிந்த ஒரே ரிப்பேர் வேலை தட்டுவதுதான். ரிமோட் வேலை செய்யவில்லையா? ஒரு தட்டு. மிக்ஸி முக்குகிறதா? ஒரு தட்டு. பல நேரம் அவையும் பயந்துபோய் ஓட ஆரம்பித்துவிடும். அதனால் அப்பாவுக்குத் தலைக்கனம் வேறு.

அன்று சாயங்காலம் அம்மாவின் கம்ப்யூட்டர் திடீரென்று அசையாமல் நின்றது. அப்பா வழக்கம்போலக் கையை ஓங்கினார்.

"அப்பா, வேணாம்!" என்று நான் கத்துவதற்குள், பெட்டியின் மேல் பொத்!

திரை நீலமானது. பிறகு கறுத்துப் போனது. பெட்டிக்குள்ளிருந்து 'டிக்... டிக்... கர்ர்' என்று ஒரு சத்தம்.

அம்மா குழந்தைகள் புத்தகங்களுக்குப் படம் வரைபவர். மாதக்கணக்கில் வரைந்த யானைக் கதைப் படங்கள் எல்லாம் அந்தப் பெட்டிக்குள்தான் இருந்தன. அன்றைக்கே அவற்றை அச்சகத்துக்கு அனுப்பியாக வேண்டும். அட்டையின் நிறத்தைப் பற்றிப் பேச அம்மா அங்கே போயிருந்தார். வந்ததும் அனுப்புவதாக ஏற்பாடு.

"வேற எங்கயாவது படங்களுக்குக் காப்பி இருக்காப்பா?" என்று அண்ணன் கேட்டான்.

அப்பா அலமாரியைப் பார்த்தார். காப்பி எடுத்து வைப்பதற்காக அம்மா வாங்கிவரச் சொன்ன புது டிஸ்க், உறைகூடப் பிரிக்காமல் அங்கே தூங்கிக்கொண்டிருந்தது.

"நாளைக்குப் பண்ணிடலாம்னு..." என்று இழுத்தார் அப்பா. முகம் பேயறைந்த மாதிரி ஆகிவிட்டது.

அண்ணன் கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு மறுபடி போட்டான். மறுபடியும் டிக், டிக், கர்ர்.

"இன்னும் ஒரே ஒரு தட்டு..." என்றார் அப்பா மெதுவாக.

நான் ஓடிப்போய்ப் பிளக்கைப் பிடுங்கினேன். "யாரும் தொடாதீங்க! வலிக்குதுன்னு கத்திட்டிருக்கு. அதைப் போய் எழுப்பி எழுப்பி ஓடச் சொல்றீங்களே!"

மாடி வீட்டு அக்காவுக்குக் கம்ப்யூட்டர் பழுது பார்ப்பதுதான் தொழில். நான் போய்க் கூப்பிட்டதும் பையைத் தூக்கிக்கொண்டு இறங்கி வந்தார்.

"என்ன சத்தம் கேட்டுச்சு?"

"டொக்கு டொக்குன்னு," என்றார் அப்பா.

"இல்ல, கிர்ர்ர்னு," என்றான் அண்ணன்.

நான் அப்படியே செய்து காட்டினேன். அக்காவின் புருவம் மேலே ஏறியது.

"ஹார்ட் டிஸ்க்குக்குள்ள ஒரு தகடு வேகமா சுத்திட்டே இருக்கும். ஊசி மாதிரி ஒண்ணு, அதைத் தொடாமலே மேல நின்னு படிக்கும். ஓடுறப்ப அடிச்சா ஊசி போய் தகட்டுல இடிச்சிடும். யாரு அடிச்சது?"

அண்ணனும் நானும் கூரையைப் பார்த்தோம். அப்பா வகுப்பில் மாட்டிக்கொண்ட பையனைப் போலக் கையைத் தூக்கினார்.

"நல்ல வேளை, பிளக்கைப் பிடுங்கிட்டீங்க. திரும்பத் திரும்பப் போட்டிருந்தா மொத்தமும் போயிருக்கும்."

அக்கா பெட்டியைத் திறந்து ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றினார். அதைச் சாப்பாட்டு மேசையில் வைத்துத் தன் லேப்டாப்போடு கேபிளில் இணைத்தார். புது டிஸ்க்கின் உறையையும் பிரித்து மாட்டினார். "ஓடுற வரைக்கும் காப்பி எடுத்துக்கலாம். எந்த நேரமும் நின்னுடும்."

முதல் பக்கம் வந்தது. இரண்டாவதும் வந்தது. யானை ஆற்றில் இறங்கும் பக்கத்தில் மறுபடி டிக், டிக். எல்லாரும் உறைந்துபோனோம். சற்று நேரத்தில் தானாகவே ஓடியது. அடுத்த பக்கத்தில் மறுபடி டிக், டிக்.

"சாகப் போகுது போல," என்றார் அக்கா. அப்பா கண்ணை மூடிக்கொண்டார்.

அப்போதுதான் மேசைமேல் இருந்த தண்ணீர் டம்ளரைப் பார்த்தேன். தண்ணீரில் குட்டிக் குட்டி வட்டங்கள். அவை வரும்போதெல்லாம் டிக், டிக். நின்றால் அதுவும் நிற்கிறது.

குனிந்து மேசைக்கு அடியில் பார்த்தேன். தூக்கிவாரிப் போட்டது! பயத்தில் அப்பாவின் கால் தடதடவென்று ஆடிக்கொண்டிருந்தது. முழங்கால் மேசையில் இடித்துக்கொண்டே இருந்தது. பாவம், அவருக்கே அது தெரியவில்லை.

கத்திச் சொல்லியிருக்கலாம். ஆனால் அப்பா ஏற்கெனவே அழாத குறையாக இருந்தார். சத்தமில்லாமல் மேசைக்கு அடியில் புகுந்தேன். அவர் பாதத்தின் மேல் உட்கார்ந்து, காலை இறுகக் கட்டிக்கொண்டேன்.

வட்டங்கள் நின்றன. டிக், டிக் சத்தமும் நின்றது.

"அட, ஓடுதே!" என்றார் அக்கா.

கதவு திறந்தது. அம்மா வாசலிலேயே திகைத்து நின்றார். "என்ன ஆச்சு? என் கம்ப்யூட்டரை ஏன் பிரிச்சுப் போட்டிருக்கீங்க? நீ ஏன்டி அப்பா கால் மேல உக்காந்திருக்க?"

"உஷ்!" என்றோம் எல்லாரும். அம்மா கைப்பையைக்கூடக் கீழே வைக்கவில்லை.

கடைசிப் பக்கமும் வந்து சேர்ந்தது. அப்பா நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னார். அம்மா நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார். யானைகள் எல்லாம் அச்சகத்துக்குப் போன பிறகுதான் அவருக்குச் சிரிப்பே வந்தது.

"சபாஷ்! புது டிஸ்க் பிரமாதமா ஓடுது!" அப்பா சந்தோஷத்தில் அதன் மேல் கையை ஓங்கினார்.

"தொடாதீங்க!" வீடே அலறியது.

கை நடுவானில் நின்றது. பிறகு மெல்ல இறங்கி, என் தலையில் பூப்போல ஒரு தட்டு தட்டியது.

"வாலு, இதுவாவது நல்லா ஓடுதா?"

"ஓடுதுப்பா. ஆனா என் கால் மட்டும் மரத்துப் போச்சு."