சுவருக்கு அந்தப் பக்கத்து இருமல்

“கர்த்தரோட ராப்போஜனப் படத்த நாய் பாக்கவாடி மாட்டியிருக்க? இடுப்பு உயரத்துல—”

“அக்கா, அதத் தொடாத.”

“கோணலா வேற தொங்குது. ஒரு ஆணி குடு, நானே மேல—”

“தொடாதன்னு சொன்னேன்ல! என் வீடு, என் சுவரு!”

“பாதிதான் உன் சுவரு. மீதி பக்கத்து வீட்டு ஆர்வில் கிழவருது” என்று நெல்டா சிரித்தாள். வெர்னா சிரிக்கவில்லை. படத்துக்கும் அக்காவுக்கும் நடுவில் புகுந்து, முதுகைச் சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றாள்.

கென்டக்கி மலையில் நிலக்கரிக் கம்பெனி தன் ஆட்களுக்காக என்றோ கட்டிய வீடு அது. ஒரே கூரையின் கீழ் இரண்டு குடித்தனம். நடுவில் இருப்பது மெல்லிய பலகைச் சுவர். அந்தப் பக்கம் ஆர்வில் அடுப்பில் சட்டியை வைத்தால் இந்தப் பக்கம் கேட்கும். வாலிபம் முழுவதும் சுரங்கத்துக்குள் கழித்தவர். அதற்குக் கூலியாக வந்த இருமல், ஈரச் சரளைக்கல்லை மண்வெட்டியால் இழுப்பதுபோல் தொடங்கி, மெல்லிய விசிலாக முடியும். அந்த விசிலைக் கேட்டபடியேதான் வெர்னா இத்தனை வருஷமும் தூங்கியிருக்கிறாள்.

“துப்பாக்கி எங்கடி? கூடவே வச்சிருக்கியா, இல்ல மாவு டப்பாவுக்குள்ள போட்டுட்டியா?”

“இருக்கு.”

வாங்க வைத்தவளே நெல்டாதான். மருந்துக்கடையைப் பூட்டிவிட்டு வந்த வெர்னாவை எவனோ ஒருவன் கார் வரைக்கும் பின்தொடர்ந்தான் என்றதும், மறுநாளே கையைப் பிடித்துத் துப்பாக்கிக் கடைக்கு இழுத்துக்கொண்டு போனாள். கடைக்காரர் தடித்த மனிதர், நல்ல வாயாடி. உள்ளங்கைக்குள் அடங்கும் குட்டி ரிவால்வரை எடுத்துக் காட்டினார். வழுக்கும் மரப்பிடியைக் கழற்றி ரப்பர் பிடி பொருத்தினார். கோட்டுப் பைக்குள் செருக ஒரு தோலுறை தந்தார். “இந்தப் பைக்குள்ள வேற எதுவும் கூடாது தாயி. சாவி கூடாது, சில்லறை கூடாது, மிட்டாய் கூடாது. கைப்பையில வேண்டவே வேண்டாம். நீங்க அதுக்குள்ள துழாவி முடிக்கறதுக்குள்ள திருடனுக்கே அலுத்துப் போயிடும்.” நெல்டா விழுந்து விழுந்து சிரித்தாள். அவர் முகம் மட்டும் மாறியது. “வீட்டுல காலித் துப்பாக்கிய உருவிக் குறி பாத்துப் பழகுங்க. ஆனா குண்டு போட்டுட்டீங்கன்னா அன்னிக்குப் பழக்கம் முடிஞ்சுது. அப்புறம் ‘இன்னொரு தடவ’ங்கிற பேச்சே கூடாது.”

போன ஞாயிற்றுக்கிழமை, வெர்னா கோட்டைப் போட்டுக்கொண்டு நடுச்சுவர்ப் பலகையில் இருந்த மரக்கணுவைக் குறியாக வைத்துப் பழகினாள். இடுப்போரம் உருவுவது, விசையை இழுப்பது, கிளிக். போன் அடித்தது. நெல்டாதான். நன்றி சொல்லும் நாள் விருந்துக்கு வான்கோழி யார் வாங்குவது என்ற பஞ்சாயத்து. போனைத் தோளில் இடுக்கிப் பேசிக்கொண்டே, கைகள் தம்பாட்டுக்குக் குண்டுகளை நிரப்பி, சிலிண்டரை மூடி, துப்பாக்கியைப் பைக்குள் வைத்தன. பேச்சு முடிந்தது. கோட்டு உடம்பில்தான் இருந்தது. கணுவும் எதிரிலேயே இருந்தது. கை மறுபடியும் பைக்குள் போயிற்று.

கிளிக் கேட்கவில்லை.

மலையெங்கும் மான் வேட்டைக் காலம். வெடிச்சத்தம் கேட்டால் யாரும் தலையைக்கூடத் திருப்புவதில்லை. புகை நெடியில் நின்றுகொண்டு, காது கொய்யென்று இரைய, வெர்னா சுவரையே பார்த்தாள். வாசலுக்கு ஓடி அந்தப் பக்கத்துக் கதவைத் தட்டியிருக்க வேண்டும். ஓடவில்லை. அதற்குள் அந்தச் சரளைக்கல் இழுபட்டது, விசில் கேட்டது. இருமுகிறார்! முழங்காலிட்டு அழுதாள். உயிரோடிருக்கும் மனிதரிடம் போய் எதைச் சொல்வது, பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று படத்தை எடுத்து ஓட்டையின்மேல் மாட்டினாள்.

பிறகு சொல்லவில்லை. ஒவ்வொரு இருமலும் அவளுக்கு ஒரு மன்னிப்பாக இருந்தது. ஆனால் சட்டிச் சத்தம் நின்றுபோயிற்று. ரேடியோ நின்றுபோயிற்று. செருப்பு தேயும் ஓசையும் இல்லை. இருமல் மட்டும் வந்தது. அதுவும் ஒரே இடத்திலிருந்து வரவில்லை. முதலில் அறையின் கோடியிலிருந்து வந்தது. அடுத்து அடுப்போரமாக. அப்புறம் சுவரின் அந்தப் பக்கத்தை உரசிக்கொண்டு. நேற்றிலிருந்து கீழே, இடுப்பு உயரத்தில். யாரோ குனிந்து அங்கே வாயை வைத்திருப்பதுபோல்.

“அவரைக்கொட்டை சூப்பும் சோள ரொட்டியும் நிறையவே கொண்டாந்திருக்கேன். கிழவருக்கு ஒரு கிண்ணம் குடுத்துட்டு வரேன்” என்றாள் நெல்டா.

“வேண்டாம்க்கா. தூங்குவாரு.”

சுவருக்கு அந்தப் பக்கம் சரளைக்கல் இழுபட்டது.

“தூங்கறாராம்! கேக்குதுல்ல? உனக்கு எப்பவும் கஞ்சத்தனம்டி, அடுத்தவ சூப்புலகூட.”

சொல்லிவிடு. இப்போதே சொல்லிவிடு. வெர்னா வாயைத் திறந்தாள். நெல்டாவின் பின்னால் வலைக்கதவு அடித்துச் சாத்திக்கொண்டது.

சூரியன் மலைக்குப் பின்னால் இறங்கிவிட்டிருந்தது. அறை சாம்பல் நிறமாயிற்று. தாழ்வாரப் பலகைகளில் நெல்டாவின் காலடி. தட்டும் ஓசை. ஆர்வில் எந்நாளும் கதவைப் பூட்டுகிறவர் அல்ல, கீல் முனகியது.

“மிஸ்டர் ஆர்வில்? நான்தான், நெல்டா. ஏன் இருட்டுல உக்காந்திருக்கீங்க?”

கிண்ணம் உடைந்தது.

“ஐயோ கர்த்தாவே” என்று நெல்டாவின் குரல். அது ஒரு சின்னப் பிள்ளையின் குரலாக இருந்தது. “வெர்னா! கட்ட மாதிரி வெறச்சுக் கெடக்காருடி. சட்டையெல்லாம் ரத்தம். காஞ்சுபோன ரத்தம். செத்து நாளாச்சுடி...”

வெர்னாவின் முதுகுக்குப் பின்னால் படம் அசைந்தது.

திரும்பினாள். படத்தின் அடிவிளிம்பு சுவரைவிட்டு மெல்ல எழுந்தது. தணிந்தது. எழுந்தது. மூச்சு விடுவதுபோல். ஈரக் கரியின் நாற்றம்.

கையை நீட்டினாள். நீட்டாமல் இருக்க முடியவில்லை. படத்தைக் கழற்றினாள்.

ஓட்டை. அதற்குள் இருட்டு. விரல்களில் சூடான, ஈரமான காற்று.

சரளைக்கல் இழுபட்டது. நீண்டது. அடங்கியது. விசில் மட்டும் நிற்கவேயில்லை.

அந்தப் பக்கம் நெல்டாவின் அழுகை சட்டென்று அறுந்தது.

“வெர்னா... இப்ப இருமுனது நீதான்னு சொல்லுடி.”