கிருஷ்ணராசா சேர் ஏன் வாய் திறக்கவில்லை

லண்டன் ஹவுன்ஸ்லோவில் அன்று காலையிலிருந்தே பனிமூட்டம். இறங்க வரும் விமானங்கள் கண்ணுக்குத் தெரியவில்லை. இரைச்சல் மட்டும் புடவைக்கடைக் கூரைக்கு மேலால் போய்க்கொண்டிருந்தது. அந்தக் கடையின் மேல்மாடியில்தான் சண்முகராசாவின் அலுவலகம். யேர்மனியில் காப்புறுதிக் கம்பனிகளுக்குப் பொய் பிடித்துக் கொடுத்தவர், லண்டனுக்கு வந்தும் அதே தொழில். உதவிக்கு இருக்கும் மாலினி விமான நிலைய வேலையை விட்டுவிட்டு வந்தவள். இப்படியான நாட்களில், விழித்திருக்கிறாளா கனவு காண்கிறாளா என்று அவளுக்கே சரியாகத் தெரியாது. ஆனால் யாராவது படியேறி வந்தால் போதும், கொலையே நடக்காத வழக்கிலும் ஒரு கொலைகாரனைக் கண்டுபிடித்துவிடுவாள்.

படியேறி வந்தவர் சிவகௌரி. நல்ல கோட், களைத்த முகம்.

"நாளைக்கு எங்கட யூனிவேர்சிட்டிக்குத் தலைவர் தெரிவு, அண்ணை. தெரிவுக் குழுவில என்னோட இருக்கிற பாதிப் பேர் கிருஷ்ணராசா சேர்தான் வேணும் எண்டு நிக்கினம். மற்றப் பாதி, அந்தாள் வாசலுக்கும் வரக்கூடாது எண்டு நிக்கினம். கடைசி வோட் என்ர. அவர் அதைச் செய்தவரோ இல்லையோ எண்டு எனக்குத் தெரியவேணும். தெரியாமல் கை உயர்த்த ஏலாது."

'அது' என்னவென்று லண்டன் தமிழருக்குச் சொல்லத் தேவையில்லை. கிருஷ்ணராசா முன்பு ஒரு கல்லூரியில் பட்மின்டன் பயிற்றுநர். இறுதி ஆட்டத்தன்று அவர் பிளாஸ்கிலிருந்து ஊற்றிக் கொடுத்த, முட்டை அடித்துக் கலந்த முட்டைக்கோப்பியைக் குடித்த நிஷாந்த் என்ற கெட்டிக்காரப் பெடியன், ஆட்டத்தின் நடுவில் கண் சொருகி விழுந்தான். முழங்கால் சிதைந்தது; அதன் பிறகு அவன் மட்டையைத் தொடவில்லை. கோப்பியில் நித்திரைக்குப் போடும் குளிசை கலந்திருந்தது. "என்ர கையாலதான் குடுத்தன்" என்று மட்டும் விசாரணையில் சொல்லிவிட்டுக் கிருஷ்ணராசா வேலையை விட்டுப் போனார். பந்தயக்காரரிடம் கைநீட்டிக் காசு வாங்கியவர் என்று ஊர் பேசியது. பிறகு இங்கிலாந்தின் வடக்கே, மூடப்போன ஒரு கல்லூரியை அவர் தூக்கி நிறுத்தியதை ஊர் அவ்வளவாகப் பேசவில்லை.

சிவகௌரி ஒரு படத்தை மேசையில் வைத்தார். ஆட்டத்துக்கு முன் எடுத்த படம். பெடியள் வரிசையாகக் குந்தியிருந்தார்கள். பின்னால் கிருஷ்ணராசா, நெற்றியில் திருநீறு, வலது மணிக்கட்டில் மஞ்சள் நூல். ஓரத்தில் குந்தியிருந்த பெடியனின் காலடியில் ஒரு சிவப்புப் பிளாஸ்க்.

"ஓரத்தில இருக்கிறது என்ர மகன் கீர்த்தனன். அப்ப ரிசேர்வ். நிஷாந்த் விழுந்தாப்பிறகு அவன்தான் விளையாடினவன். பாவம், தோத்துப்போனான். இப்ப டொக்டர்."

"வேற என்ன ஞாபகம் இருக்கு?"

"பெரிசா ஒண்டுமில்லை, அண்ணை. அப்ப என்ர மனுசன் செத்து ஆறு மாசம். நான் குளிசை போட்டுத்தான் படுக்கிறனான். அண்டைக்குப் பின்னேரம் கோயில்ல சூரன்போர், நான் விரதம். கீர்த்தனனோட காலமையே சண்டை. முட்டைக்கோப்பி குடிக்காமல் மட்ச்சுக்குப் போகமாட்டான். வீட்டுக்குள்ள முட்டை உடைக்க விடமாட்டன் எண்டு சொன்னன். கராஜுக்குள்ள கேத்தில் கொண்டுபோய் அடிச்சவன், குரங்கு." சொல்லும்போது அவருக்குச் சிரிப்பு வந்தது.

சண்முகராசா சிரிக்கவில்லை. "பின்னேரம் வாங்கோ, தங்கச்சி" என்றார்.

கிருஷ்ணராசா தெரிவுக்காக லண்டன் வந்து, நகரின் கிழக்கே ஃபாரஸ்ட் கேட் பகுதியில் தங்கை வீட்டில் தங்கியிருந்தார். அங்கே போகும் ரயிலிலேயே மாலினி தன் தீர்ப்பை வழங்கிவிட்டாள். "நிஷாந்த் தானேதான் போட்டிருக்கிறான், அண்ணை. தோத்திடுவன் எண்ட பயம்."

"முழங்காலையும் தானேதான் உடைச்சவனோ?"

அவள் யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அவரை ஒரு பழைய விளையாட்டு மண்டபத்தில் கண்டார்கள். ஆளில்லாத மண்டபம். உயரத்து யன்னல்களால் பால் போன்ற வெளிச்சம் இறங்கியது. அவர் தனியாக ஒரு பூப்பந்தை மேலே அடித்து, அது மெல்ல மெல்ல இறங்கும்வரை காத்திருந்து, மறுபடி அடித்தார். அது கீழே வர மறந்துவிட்டதுபோல மாலினிக்குத் தோன்றியது. எதற்காக வந்தோம் என்பதே ஒரு கணம் அவளுக்கு மறந்துபோனது.

"சேர், அந்தக் கோப்பியை அடிச்சது ஆர்?" என்றார் சண்முகராசா.

"என்ர கையாலதான் குடுத்தன்."

"குடுத்தது ஆர் எண்டு நான் கேக்கேல்லை."

பூப்பந்து தரையில் விழுந்தது. அவர் அதை எடுக்கவில்லை. "பிள்ளையள் அப்ப சின்னன், அண்ணை. விடுங்கோ" என்றார்.

பின்னேரம் சிவகௌரி மீண்டும் வந்து அமர்ந்தார். மாலினி தேத்தண்ணி ஊற்றினாள்.

"அந்த விசாரணையில இருந்த வெள்ளைக்காரருக்கு அது வெறும் கோப்பி" என்று சண்முகராசா தொடங்கினார். "அதால ஆர் குடுத்தது எண்டுதான் கேட்டவை. முட்டையைப் பற்றி ஆரும் கேக்கேல்லை. எங்கட ஆக்களாவது கேட்டிருக்க வேணும். படத்தில சேரின்ர கையைப் பாருங்கோ."

"காப்பு" என்றார் சிவகௌரி. "சஷ்டிக் காப்பு."

"காப்புக் கட்டின மனுசன், சூரன்போர் அண்டைக்கு முட்டை உடைச்சு அடிப்பாரோ? அந்த ஆறு நாளும் அவற்ற வீட்டில மீன், முட்டை சமைக்கிற மச்சச் சட்டியே வெளியில வந்திராது. ஆரோ அடிச்சுக் கொண்டுவந்ததை நம்பி ஊத்திக் குடுத்திருக்கிறார். பிறகு விளங்கியிருக்கு. விளங்கினாப்பிறகும் வாய் திறக்கேல்லை. பந்தயக்காரனுக்காக ஆரும் இவ்வளவு காலம் பழி சுமக்கமாட்டினம். ஒரு மாணவனுக்காகச் சுமக்கலாம்."

"எந்த மாணவன்?"

"பிளாஸ்க் ஆரின்ர காலடியில நிக்குது, தங்கச்சி?"

சிவகௌரி படத்தைப் பார்த்தார். விமானம் ஒன்று மேலால் போனது. காலையில் தான் சிரித்துச் சிரித்துச் சொன்னதெல்லாம் அவருக்கு ஒவ்வொன்றாக நினைவு வந்தது என்பது முகத்தில் தெரிந்தது. கராஜ். முட்டை. தலைமாட்டில் இருந்த குளிசைப் போத்தல்.  காலையிலிருந்து இதை ஒரு விளையாட்டாக நினைத்ததற்கு மாலினி வெட்கப்பட்டாள்.

"அவன் நிஷாந்தை விழுத்த நினைச்சிருக்கமாட்டான்" என்றார் சண்முகராசா. "கொஞ்சம் சோர்ந்துபோனால் தனக்கு இடம் கிடைக்கும் எண்டு நினைச்சிருப்பான்."

"அப்ப சேர் நல்ல மனுசன். அவருக்கு வோட் போடலாம்."

"குளிசை போட்டது அவரில்லை எண்டுதான் சொல்லுறன். நல்ல தலைவரோ எண்டது வேற கேள்வி. ஒரு பிள்ளையைக் காப்பாத்தினவர், மற்றப் பிள்ளையைத் தன்ர சேரே தன்னை விழுத்தினவர் எண்டு நம்பவிட்டிட்டார்."

சிவகௌரி படத்தைக் கவிழ்த்து வைத்தார். வாயை மூடிக்கொண்டு கையை மட்டும் உயர்த்தினால் எல்லாம் சுகமாக முடிந்துவிடும். அங்கிருந்த மூவருக்கும் அது தெரிந்தேயிருந்தது. பிறகு அவர் போனை எடுத்தார்.

"கீர்த்தனன், அண்டைக்கு என்ர குளிசையை எடுத்தனியோ?"

  மறுமுனையில் "அம்மா…" என்று டொக்டரின் குரல், பதினேழு வயதுக் குரலாக வந்தது.

"அழாதை. நாளைக்கு நான் வோட் போடமாட்டன். எழும்பி நிண்டு, அண்டைக்கு நடந்ததைச் சொல்லப்போறன். சேர் வேணுமோ வேண்டாமோ எண்டு அதுக்குப் பிறகு அவையள் தீர்மானிக்கட்டும்." கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். "ஆனால் அவையளுக்கு முதல் நிஷாந்துக்குத் தெரியவேணும். காரைக் கொண்டு வா. நீதான் அவன்ர கதவைத் தட்டவேணும். நான் பக்கத்தில நிப்பன்."