மஞ்சள் தடவிய பாஸ்வேர்ட்

பத்மநாபன் இங்கிலீஷில் எழுத உட்கார்ந்துவிட்டால் வீட்டில் மிக்ஸிகூட ஓடக் கூடாது. அன்று காலை ஏழு மணிக்கே சாப்பாட்டு மேஜையில் பேனாவைத் திறந்துவிட்டார். சட்னிக்கு வறுத்த மிளகாய் அடுப்பங்கரையில் அப்படியே ஆறிக்கொண்டிருந்தது.

கல்பகம் காபியை அவர் கையெட்டும் தூரத்தில் வைத்தாள். வைத்த கையை எடுக்க ஒரு கணம் தாமதமாயிற்று. இருபத்திரண்டு வருஷமாக எதிர்ப்பக்கம் நின்றே படித்துப் பழகிய கண். எழுத்து தலைகீழாக இருந்தாலும் அவளுக்குத் தடையில்லை. இரண்டாவது வரியில் அவள் தம்பி தியாகுவின் பெயர் இருந்தது. நாலாவது வரியில் ‘போலீஸ்’ இருந்தது.

“என்னன்னா எழுதறேள்?”

“உனக்கெதுக்கு அது? இங்கிலீஷ்!” விஷ பாட்டிலைக் குழந்தைக்கு எட்டாமல் நகர்த்துவதுபோலக் காகிதத்தை நகர்த்திக்கொண்டார்.

“தியாகு ராத்திரி கண்ணை மூடலை. காலம்பற ஒரு வாய் காபிகூடக் குடிக்காம பஸ் ஏறிட்டான். ‘அக்கா, நான் ஒண்ணும் பண்ணலைக்கா’ன்னு...”

“பண்ணாதவன் ஏன் தூங்காம கிடக்கணும்? பத்து வயசுல கொண்டுவந்து வச்சு, சோறு போட்டு, என் டிபார்ட்மெண்ட்லயே வேலையும் வாங்கிக் குடுத்தேன். என் பாஸ்வேர்டையே மாத்திட்டானே! பதினொரு மணிக்கு ஜி.எம். கையில இதைக் குடுக்கப்போறேன். அப்புறம் அவனாச்சு, ஜெயிலாச்சு!”

“பாஸ்வேர்டுன்னா என்னன்னா?”

“சொன்னா உனக்குப் புரியாது. போய் இட்லியைப் பாரு, இந்தா!”

‘இந்தா’ என்பது கல்பகத்தின் பெயர். கல்யாணமான நாளிலிருந்து அவர் வேறு பெயர் சொல்லி அவளைக் கூப்பிட்டதில்லை.

நாச்சாரத்துப் பொதுத்துறை ஆலையில் கம்ப்யூட்டர் வந்து நாலு வருஷமாகியிருந்தது. பத்மநாபன்தான் அதன் தலைமை அர்ச்சகர். ஏ.சி. அறைக்கு வெளியே செருப்பைக் கழற்ற வேண்டும். ஆயுத பூஜைக்கு அதற்குச் சந்தனம், குங்குமம், சுண்டல். ஆலையின் உற்பத்தித் திட்டம் முழுவதும் அதற்குள்ளே பத்மநாபன் பெயரிலுள்ள அக்கவுண்டில் இருந்தது. அதைத் திறக்கும் ரகசியச் சொல் அவர் ஒருவருக்குத்தான் தெரியும். மாதம் ஒருமுறை அதை மாற்றியாக வேண்டும். ஒருமுறை வைத்ததை மறுபடி வைத்தால் மெஷின் ஏற்றுக்கொள்ளாது.

ஒவ்வொரு ஒண்ணாம் தேதியும் பத்மநாபன் ஸ்நானம் பண்ணி, புதுச் சொல்லை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி, நாலு மூலையிலும் மஞ்சள் தடவி, சுவாமி அலமாரியில் வைப்பார். அவர் சந்தியாவந்தனம் முடிக்கும் வரை அது அங்கே இருக்கும். பிறகு கற்பூரத்தில் கொளுத்திவிடுவார். “இதுதான் செக்யூரிட்டி!” என்பார். கற்பூரத் தட்டை நீட்டும் கல்பகத்தை அவர் செக்யூரிட்டிக் கணக்கில் சேர்க்கவில்லை. எட்டாவது படித்தவள்தானே!

எட்டாவது என்பது கல்பகத்தின் அப்பா சொன்ன பொய். மாப்பிள்ளை இண்டர்மீடியட்டில் இங்கிலீஷில் இரண்டு தடவை கோட் அடித்திருந்தார். அவர் அம்மா பட்டம்மாள் போட்ட நிபந்தனை ஒன்றே ஒன்று: பெண் அதிகம் படித்திருக்கக் கூடாது. எஸ்.எஸ்.எல்.சி.யில் இங்கிலீஷில் பள்ளிக்கே முதலாக வந்த கல்பகத்தின் சர்டிபிகேட் டிரங்குப் பெட்டியின் அடியில், பழைய புடவைக்குக் கீழே போயிற்று. பிறகு வந்த கடிதங்களையெல்லாம் அவரிடம் நீட்டி, “என்ன எழுதியிருக்குன்னு சொல்லுங்கோ” என்று நின்றாள். அப்பா போய்விட்டார் என்ற தந்தி வந்தது. படித்தாள். பிறகு சாயங்காலம் அவர் வந்து படித்துச் சொல்கிறவரை அழாமல் இருந்தாள்.

அந்த வாரம்தான் தியாகு ஒரு துணிப்பையோடு இவர்கள் வீட்டுக்கு வந்தான்.

இந்த ஒண்ணாம் தேதிக் காகிதத்தையும் அவள் படித்திருந்தாள். அன்று வீட்டில் காரணமில்லாமல் பால் பாயசம். “என்ன விசேஷம்?” என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் பத்மநாபன் ஆலைக்குப் போனார்; மெஷினில் சொல்லை மாற்றிவிட்டு, அங்கிருந்தே டில்லிக்கு ரயிலேறினார். கம்ப்யூட்டர் பாதுகாப்பு பற்றி மூன்று வாரக் கருத்தரங்கம். நேற்றுத்தான் சர்டிபிகேட்டோடு திரும்பினார். பாஸ்வேர்ட் மறந்து போயிருந்தது.

அம்மா பெயரை அடித்தார். திருப்பதிப் பெருமாள் பெயரை அடித்தார். ஜி.எம். பெயரை அடித்தார். மூன்றும் பழசு. மெஷின் கதவைச் சாத்திக்கொண்டது. டில்லியில் சர்டிபிகேட் வாங்கியவர் மறந்துபோனேன் என்று சொல்ல முடியுமா? யாரோ மாற்றிவிட்டார்கள்! பக்கத்தில் டேட்டா என்ட்ரி மேஜையில் தியாகு தலைகுனிந்து வேலை பார்த்துக்கொண்டிருந்தான். மாலைக்குள் பத்மநாபனே அதை நம்பிவிட்டார்.

கல்பகம் இட்லிப் பானையின் முன் நின்றாள். சொன்னால், ‘நீதான் உன் தம்பிக்குச் சொல்லிக் குடுத்தே’ என்பார். சொல்லாவிட்டால்... தியாகுவின் கையில் விலங்கு! இருபத்திரண்டு வருஷமாக ஜாக்கிரதையாக மூடி வைத்த பெட்டி. திறந்தால் இந்த வீட்டில் யார் மிஞ்சுவார்கள்?

பத்து மணிக்கு அடுப்பை அணைத்தாள்.

ஆட்டோக்காரர் கண்ணாடியில் பார்த்து, “கைக்கு ரோரே அம்மா?” என்று தன் இந்தியில், ஏன் அழுகிறீர்கள் என்று கேட்டார். தான் அழுதுகொண்டிருப்பது அப்போதுதான் அவளுக்கே தெரிந்தது. ஆலை கேட்டுக்கு எதிரே, வேப்பமர நிழலில், ஒரு போலீஸ் ஜீப் நின்றிருந்தது. உள்ளே இருந்தவர் அவசரமில்லாமல் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். கேட்டில் ரிஜிஸ்தரை நீட்டினார்கள். வந்த காரியம் என்ற கட்டத்தில், வாழ்க்கையில் முதல்முறையாக நாலு பேர் பார்க்க, இங்கிலீஷில் எழுதினாள்: காணாமற்போன பொருளைத் திருப்பித் தர.

கம்ப்யூட்டர் அறையின் கண்ணாடிக் கதவைத் தள்ளியபோது உள்ளே ஒரு சடங்கு நடந்துகொண்டிருந்தது. ஜி.எம். பத்ரிநாராயணன் கோட்டும் டையுமாக, ஷூ இல்லாமல் நின்றார். சாக்ஸின் ஓட்டை வழியாகக் கட்டைவிரல் எட்டிப் பார்த்தது. கையில், இப்படி ஒரு நாளுக்கென்று பத்மநாபன் முன்பே அவரிடம் ஒப்படைத்திருந்த கவர். ஐந்து அரக்கு முத்திரை. உடைத்தார். பிரித்தார். உரக்கப் படித்தார்:

“பாஸ்வேர்ட் கீழே கையெழுத்திட்டிருப்பவருக்கு நன்கு தெரியும். பத்மநாபன்.”

கம்ப்யூட்டர் கம்பெனி எஞ்சினியர் ஜேம்ஸ் தொண்டையைச் செருமினார். “சார், இன்னும் ஒரே ஒரு சான்ஸ்தான். அதுவும் தப்பானா, அக்கவுண்டை அழிச்சுட்டு மொதல்ல இருந்து ஏத்தணும். ஆறு மாசம்.”

மூலையில் தியாகு நின்றான். அவன் இரு பக்கமும் காவலாளிகள்.

“எனக்குத் தெரியும்” என்றாள் கல்பகம்.

“நீ எங்கே வந்தே!” பத்மநாபன் பதறினார். “சார், இவளுக்கு இங்கிலீஷ் ஒரு அட்சரம் தெரியாது! ஆத்துக்குப் போ, இந்தா!”

அவள் ஜேம்ஸின் பென்சிலை வாங்கி எட்டு இங்கிலீஷ் எழுத்து எழுதினாள்.

ஜேம்ஸ் ஒவ்வொரு எழுத்தாக அடித்தார். அடித்தது எதுவும் திரையில் தெரியவில்லை. வெறும் கறுப்பு. கடைசிப் பொத்தானை அழுத்தினார். ஒன்றும் நடக்கவில்லை... ஏ.சி.யின் உறுமல் மட்டும். பத்மநாபன் அன்று காகிதத்தில் ஒன்றை எழுதி, மெஷினில் வேறொன்றை வைத்திருந்தால்? ஈசுவரா!... தியாகு கண்ணை மூடிக்கொண்டான்.

திரையில் பச்சை எழுத்து மளமளவென்று இறங்கியது. வணக்கம் சொல்லிப் பத்மநாபனைப் பெயர் சொல்லி வரவேற்றது.

“பாத்தேளா சார்!” பத்மநாபன் துள்ளினார். “இவதான் தம்பிக்குச் சொல்லியிருக்கா! குடும்பமே கூட்டு!”

“அவன் மாத்தியிருந்தா, நீங்க வச்ச சொல்லுக்கு எப்படின்னா திறக்கும்?” கல்பகத்தின் குரல் உயரவில்லை. “யாரும் மாத்தலை. நீங்க மறந்துட்டேள்.”

காவலாளிகள் தாமாகவே ஓரடி விலகினார்கள்.

“அப்படி மறந்துபோற மாதிரி என்னய்யா வார்த்தை அது? ஏதாவது ஃபார்முலாவா?” என்றார் ஜி.எம்.

பத்மநாபன் தரையைப் பார்த்தார். ஜேம்ஸ் சீட்டைப் படித்தார். “கல்பகம்னு இருக்கு சார்.”

“யாரு அது, கல்பகம்?”

“நான்தான் சார். இவரோட ஆம்படையாள்.”

சாமி பெயரெல்லாம் தீர்ந்து, அம்மா தீர்ந்து, மேலதிகாரிகள் தீர்ந்து, நாலாவது வருஷம் அவள் முறை வந்திருந்தது. அதற்குத்தான் அந்தப் பாயசம்.

“அந்தக் காகிதத்தைக் கிழிச்சுடுங்கோ” என்றாள் அவரிடம். “நாலாவது வரியில போலீஸ்னு எழுதியிருக்கேளே, அதை.”

பத்மநாபன் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். முகம் வெளுத்தது. எடுத்தார், கிழித்தார். தியாகு ஓடி வந்து அக்காவின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு குலுங்கினான்.

“அக்கா... என்னால உன் மானம் போச்சேக்கா!”

“போடா அசடு! இன்னிக்குத்தான்டா திரும்பி வந்திருக்கு!” அவள் கண்ணீர் அவன் தலையில் விழுந்தது.

வெளியே வந்து செருப்பைத் தேடியபோது பத்மநாபனும் பின்னால் வந்தார். தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“உங்கப்பா தந்தி... அன்னிக்கு...”

“மத்தியானம் ரெண்டு மணிக்கு வந்தது.”

“நான் ஆறு மணிக்குத்தானே...”

“ஆறரை. அன்னிக்கு பஸ் லேட்.”

அவர் வாய் கோணியது. டில்லி சர்டிபிகேட்டெல்லாம் வாங்கிய மனுஷர், பியூன் பார்க்க, விம்மி அழுதார். கல்பகம் தடுக்கவில்லை. அழுது முடிக்கட்டும் என்று காத்திருந்தாள். காத்திருப்பது அவளுக்குப் புதிதில்லை. பிறகு முந்தானையை நீட்டினாள். அவர் அதில் முகம் துடைத்துக்கொண்டார்.

“கல்பகம்...”

வாய் பழகாத பெயர். நடுவில் இடறியது.

“என்னன்னா?”

“நான் அம்மாவுக்கு எழுதின லெட்டர்... மேஜையில வச்ச டயரி... இன்னும் என்னெல்லாம் படிச்சிருக்கே?”

கேட்டுக்கு வெளியே ஜீப் புறப்படும் சத்தம் கேட்டது. கல்பகம் செருப்பில் காலை நுழைத்தாள்.

“எல்லாத்தையும்தான்” என்றாள். “வாங்கோ, சாப்பாட்டுக்கு நாழியாறது.”

அவள் முன்னே நடந்தாள். பத்மநாபன், செருப்பை இடம் வலம் மாற்றிப் போட்டுக்கொண்டது தெரியாமல், நாலடி தள்ளி, பின்னாலேயே போனார்.