மாமரத்துப் பக்கம் போகும் கப்பல்

மத்தியான வெயிலில் ஊரே அடங்கிக் கிடக்கும்போது சிறுமி ரும்துல் புத்த விகாரைக்குள் போய்ப் பாயில் மல்லாந்து படுத்துக்கொள்வாள். புத்தர் பக்கம் கால் நீட்டக் கூடாது அல்லவா? அதனால் எப்போதும் தலை புத்தர் பக்கம், கால் வாசல் பக்கம்.

மேலே, விட்டத்துக்குக் கீழே, விதானப் பட்டு விரிந்திருக்கும். அதில் பாய்மரக் கப்பல் ஒன்று, கரையில் யானைகள், தண்ணீரில் ஒரு நாகம், எல்லாம் நூலிலேயே நெய்தவை. காற்று வந்தால் பட்டு மெல்ல அசையும். கப்பல் கிளம்பிவிடும். ரும்துல் கண்ணைப் பாதி மூடுவாள். கப்பலில் அவளும் இருப்பாள். யானைகள் பார்த்துக்கொண்டே நிற்க, கப்பல் மாமரத்து ஜன்னல் பக்கமாகப் போகும்.

மழை முடிந்ததும் கூரைக்கு ஓடு மாற்றினார்கள். அந்த நாட்களில் அவளை உள்ளே விடவில்லை. கழற்றி வைத்த பட்டை, வேலை முடிந்ததும் அப்பாதான் ஏறிக் கட்டினார். ஆனால் பட்டில் பழைய களையே இல்லை.

"வெளுத்துப் போச்சும்மா," என்றார் தியூன் தாத்தா. விகாரையில் பூசைகளை முன்னின்று நடத்துபவர் அவர். "திருவிழாவுக்குப் புனோம் பென்னுல புதுசு வாங்கிட்டேன். பளபளன்னு இருக்கும். இதைச் சுருட்டி அலமாரில வச்சிடலாம்."

அலமாரிக்குள் கப்பல் எங்கே போகும்?

கடைசியாக ஒருமுறை பார்த்துவிடலாம் என்று ரும்துல் படுத்தாள். கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடியும் பார்த்தாள். கப்பல் எதிர்ப்புறம், கிணற்று ஜன்னல் பக்கம் போய்க்கொண்டிருந்தது.

அப்பா ஏணியோடு வந்தார். பின்னால் தாத்தா.

"அப்பா, கப்பல் திரும்பிப் போகுது."

"ஊர் ஞாபகம் வந்திருக்கும்," என்று அப்பா சிரித்தார்.

"விளையாடலப்பா. முன்னாடி மாமரத்துப் பக்கம்தான் போகும்."

"நீ திரும்பிப் படுத்திருப்பே," என்றார் தாத்தா.

"புத்தர் பக்கம் காலை நீட்டினா நீங்க சும்மா விடுவீங்களா தாத்தா?"

ரும்துல் யோசித்தாள். "பட்டைத் தலைமாடு கால்மாடாச் சுத்திக் கட்டியிருந்தா கப்பல் தலைகீழாத் தெரியும். அப்படித் தெரியல. அப்போ பட்டுதான் புரண்டிருக்கு. நாம பாக்கறது அதோட முதுகு."

அப்பா ஏறி ஒரு முனையை அவிழ்த்து மடக்கினார். சிவப்பும் மஞ்சளும் பச்சையும் பளிச்சென்று தெரிந்தன. அப்பா தலையைச் சொறிந்தார்.

"இந்த விட்டத்து மேல உக்காந்துதானே கட்டினேன். நல்ல பக்கம் என்னைப் பாத்து அழகா இருந்துச்சு. அப்படியே கட்டிட்டேன்."

"அப்போ இத்தனை நாளா பல்லிங்களுக்குத்தான் காட்சியா?" என்றார் தாத்தா.

பட்டைப் புரட்டிக் கட்டினார்கள். தாத்தா அண்ணாந்து பார்த்துப் பார்த்துக் கழுத்தைத் தடவினார்.

"படுத்துப் பாருங்க தாத்தா. அதுக்குத்தானே மேல கட்டியிருக்கு."

முனகிக்கொண்டே படுத்தார். அப்பாவும் படுத்தார். தாத்தா யானையைச் சுட்டிக் காட்டினார்.

"சின்னப் பிள்ளையிலேருந்து இதுக்குக் கீழதான் உக்காந்து ஓதறேன். இந்த யானை சிரிக்குதுன்னு இன்னிக்குத்தான் தெரியுது," என்றார். பிறகு அவர் முகம் வாடியது. "ஆசையா ஒண்ணு வாங்கிட்டு வந்தேனே."

"அதைச் சாப்பாட்டுக் கூடத்துல கட்டலாம் தாத்தா. அங்கதான் பிக்குங்க சோத்துல தூசி விழுது."

"அட, ஆமாம்," என்றார் தாத்தா. இப்போது யானையோடு அவரும் சிரித்தார்.

ஜன்னல் வழியே காற்று வந்தது. கப்பல் மாமரத்துப் பக்கமாகக் கிளம்பியது. இந்த முறை அதில் மூன்று பேர் இருந்தார்கள்.