மஞ்சள் கர்சர்

அன்று பிற்பகல் கணினி அறையில் இருந்தவர்கள்: ஜன்னல் ஓரம் இரட்டையர் இருவர், நடு வரிசையில் கண்ணாடிக்காரி, நெட்டையன், ஓயாமல் தும்முகிறவன், வாசல் பக்கம் லீடர். ஆக ஆறு பேர். பழைய கணினிகளை அடுக்கி வைத்திருக்கும் சாமான் அறையின் கதவுக்கு முதுகைக் காட்டி ஆசிரியர். அவருக்கு நேரெதிரே ஒரு காலி நாற்காலி.

அவருடைய திரையில் ஏழு கர்சர்கள்.

மறுபடி எண்ணினார். ஏழுதான். ஆறு பேரும் ஒரே ஆன்லைன் பக்கத்தில் ஒரே கடிதத்தைச் சேர்ந்து எழுதிக்கொண்டிருந்தார்கள். ஆளுக்கொரு நிறம் என்பது அவர் போட்ட ஏற்பாடு. நிறங்களைப் பார்த்தே வருகைப் பதிவும் போட்டுவிடுவார். தலைகளை எண்ணுவதைவிட அது சுலபமாக இருந்தது. மஞ்சள், அந்தக் காலி நாற்காலியில் உட்கார்ந்த வாலுவினுடையது. கடிதம் போகப்போவது வாலுவின் அம்மாவுக்கு.

"வாலுவோட ஐடில யாரு வந்திருக்கிறது?"

"நாங்க இல்ல சார். பாஸ்வேர்டு அவளுக்கே ஞாபகம் இருக்காது. தினமும் எங்கிட்டதான் வந்து கேப்பா," என்றாள் கண்ணாடிக்காரி.

யாரோ சிரிக்கத் தொடங்கிப் பாதியில் நிறுத்திக்கொண்டார்கள்.

விடுமுறைக்கு முந்தின நாள் வேறு மவுஸ் எடுக்க வாலு அந்தச் சாமான் அறைக்குள் போனாள். மணி அடித்ததும் லீடர் எல்லாக் கணினிகளையும் அணைத்தான். நிறங்கள் ஒவ்வொன்றாக மறைந்தன, மஞ்சளும். எல்லாரும் போய்விட்டார்கள் என்று ஆசிரியர் சாமான் அறைக் கதவைப் பூட்டினார். சாவியைத் திருப்பும்போது உள்ளே ஏதோ தட்டியது. இரண்டு தட்டு, கொஞ்சம் இடைவெளி, ஒரு தட்டு. எலி என்று நினைத்தார். பத்து நாள் கழித்துத்தான் கதவு திறந்தது. சாவி வாட்ச்மேனின் கொத்தில் தொங்கியதால் வாட்ச்மேனை வேலையைவிட்டு அனுப்பினார்கள். அதை அங்கே மாட்டியது தான்தான் என்று ஆசிரியர் யாரிடமும் சொல்லவில்லை.

மின்விசிறி கறக் கறக்கென்று சுற்றியது. சூடேறிய தூசியின் வாடை கதவிடுக்கிலிருந்து கசிந்து அவர் பிடரியைத் தொட்டது. திரையில் மஞ்சள் கோடு, ஒற்றை விரலால் எழுத்தைத் தேடித் தேடி அடிக்கிற பிள்ளையைப் போல, நின்று நின்று நகர்ந்தது.

அம்மா, கதவ சாத்தினது வாட்ச்மேன் தாத்தா இல்ல.

அழித்தார். மறுபடி வந்தது. அழித்தார்.

"சார், யாரோ எழுதுறாங்க," என்றான் தும்முகிறவன்.

"திரையைப் பாக்காதே. எல்லாரும் கைய எடுங்க."

இனி யாரும் திருத்த முடியாதபடி பக்கத்தைப் பூட்டினார். ஆறு நிறங்களும் அணைந்தன.

மஞ்சள் அணையவில்லை.

அந்த வரியைக் கடைசியாக ஒருமுறை அழித்து, அச்சு பட்டனை அழுத்தினார். தாள் வெளியே வந்தது. வரி வரியாகப் படித்தார். சுத்தம். வாட்ச்மேனின் கவனக்குறைவு என்ற வாக்கியம் மட்டும் அதன் இடத்தில் இருந்தது.

தலைமையாசிரியை வாசலில் நின்றார். "முடிஞ்சுதா சார்? ஆபீஸ்காரர் பையத் தூக்கிட்டு நிக்கிறார். கதவ யாரு பூட்டினதுன்னு அந்தம்மா கேட்டுட்டே இருக்காங்க. எழுதிட்டீங்கள்ல?"

உண்மையைச் சொல்ல ஆசிரியருக்கு ஒரு நொடி இருந்தது.

"எழுதியாச்சு மேடம்."

தாளை மடித்தார். கவருக்குள் வைத்தார். பசை தடவினார். மூடியை அழுத்தினார்.

கட்டைவிரலுக்கு அடியில் காகிதம் எழும்பித் தாழ்ந்தது.

இரண்டு தட்டு. இடைவெளி. ஒன்று.

திரையைப் பார்த்தார். மஞ்சள் இல்லை.

மூடி ஓரத்தில் மெல்லத் திறந்தது. உள்ளிருந்து யாரோ தள்ளுவதுபோல். விரல் நகம் அளவு இடைவெளி.

இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்தார். பசை காயும்வரை. தட்டல் வேகமாயிற்று. பிறகு மெதுவாயிற்று.

"குடுங்க சார், நேரமாச்சு," என்றார் ஆபீஸ்காரர்.

கொடுத்தார்.

பை தோளில் ஏறியது. படியிறங்கித் தெருவுக்குப் போனது. அதன் பக்கவாட்டுத் துணி, உள்ளிருந்து, சின்னதாகப் புடைத்துக்கொண்டே போனது.