மூடியின் நாக்கு

எஞ்சினை அவன் இன்னும் உதைக்கவே இல்லை. ஆனால் நாக்கு வெளியே நீண்டிருந்தது.

பட்டறையில் அதை நாக்கு என்றுதான் சொல்வார்கள். அந்தக் காலத்துப் பைக்கில், எண்ணெய் அழுத்தம் எல்லை மீறாமல் பார்த்துக்கொள்ள எஞ்சினின் பக்கவாட்டில் ஒரு வால்வு உண்டு. அதன் பித்தளை மூடிக்கு நடுவில், சுண்டுவிரல் நகம் நீளத்துக்கு ஓர் ஊசி. எஞ்சின் ஓடினால் எண்ணெய் உள்ளேயிருந்து தள்ளும், ஊசி வெளியே வரும். நின்றால் உள்ளே போய்விடும். ஓட்டுகிறவன் குனிந்து ஒரு பார்வை பார்த்தால் போதும்; எண்ணெய் ஓடுகிறதா, இல்லையா என்பதை அது சொல்லிவிடும். ஓடாத எஞ்சினில் அது நீள வழியே கிடையாது.

ஸ்பிரிங் எங்கோ பிடித்திருக்கும் என்று விரலைக் கொண்டுபோனான். தொடுவதற்குள் அதுவே உள்ளே போனது. சற்று நேரம் கழித்து, அவசரமே இல்லாமல், மறுபடி வந்தது.

உச்சி வெயில். தகரக் கூரை சூட்டில் விட்டுவிட்டுச் சடசடத்துக்கொண்டிருந்தது. கொட்டகை முழுக்க மண்ணெண்ணெய் வாடை. பின்னறை ஜன்னல் வழியாக வந்த மருந்து வாடையும், நாள்பட்ட படுக்கையின் புளித்த வாடையும் அதோடு கலந்து தொண்டையில் படிந்தன. அந்த ஜன்னலுக்கு அந்தப் பக்கம் அண்ணன் படுத்திருந்தார். ஆறு வருஷம். கண் திறக்கவில்லை, பேசவில்லை. மூச்சு மட்டும். கடைவாயில் வழிவதைத் துடைக்க அண்ணி கையில் எப்போதும் ஒரு துணி இருக்கும்.

பழகின சத்தம் எதையாவது கேட்க விடுங்கள் என்று டாக்டர் சொன்னாராம். அதிலிருந்து அண்ணி அவனை விடவில்லை.

"என்னைக் கட்டுன நாள்ல இருந்து என்னைவிட இதைத்தான் உங்க அண்ணன் அதிகம் தொட்டிருக்காரு. நான் கூப்பிட்டு எந்திரிக்காத மனுஷன், இது கூப்பிட்டா எந்திரிப்பாரு, பாரேன். முன்னாடி எப்படி இருந்துச்சோ அப்படியே பண்ணிக் குடு, தம்பி."

முன்னாடி எப்படி இருந்தது என்று அவனுக்குத் தெரியும். அவனுக்கு மட்டும்தான் தெரியும்.

நாக்கு வழியாக எண்ணெய் சொட்டிப் பேண்ட் பாழாகிறது, எஞ்சின் சூடானால் அழுத்தமும் குறைகிறது என்று ஆறு வருஷத்துக்கு முன்னால் அண்ணன் ஒரு மாதமாகப் புலம்பிக்கொண்டிருந்தார். இவனுக்கு அன்று அலுப்பு. அரை மணி நேர வேலை. ஸ்பிரிங்குக்குப் பின்னால் இரண்டு வாஷர் வைத்து இறுக்கினான். நாக்குள்ள மூடியைக் கழற்றிவிட்டு, துளையில்லாத கட்டை மூடியைப் போட்டான். "இனிமே ஒழுகாது" என்றான். "கெட்டிக்காரன்டா நீ" என்று அண்ணன் முதுகில் தட்டினார். பத்தாம் நாள், அழுத்தம் போக வழியில்லாமல் குழாய் பிளந்து, எண்ணெய் மொத்தமும் சாலையில் போனது. நாக்கு இருந்திருந்தால் உள்ளே போயிருக்கும். அண்ணன் பார்த்து நிறுத்தியிருப்பார். ஓடுகிற ஓட்டத்தில் எஞ்சின் இறுகியது. சக்கரம் நின்றது. அண்ணன் நிற்கவில்லை.

எஞ்சினைத் திறந்து பார்த்தவனும் இவன்தான். பழைய சாமான், தேய்ந்துவிட்டது என்று சொன்னான். எல்லோரும் நம்பினார்கள்.

இன்று வாஷர்களை எடுத்துவிட்டான். நாக்குள்ள மூடியைத் திருப்பிப் போட்டான். போட்டு ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை.

வந்தது. நின்றது. போனது. ஒரு நீளம், இரண்டு குட்டை. ஒரு நீளம், இரண்டு குட்டை. இந்தக் கணக்கை எங்கோ கேட்டிருக்கிறான். ஜன்னல் பக்கம் திரும்பினான். போர்வைக்குள் அண்ணனின் நெஞ்சு ஏறியது. நாக்கு நீண்டது. நெஞ்சு இறங்கியது. நாக்கு உள்ளே போனது.

வெயில் தலைக்கேறிவிட்டது என்று தனக்கே சொல்லிக்கொண்டு, கட்டைவிரலை ஊசிமேல் வைத்து அழுத்தினான். வெதுவெதுப்பாக இருந்தது. உள்ளேயிருந்து முட்டியது. கன்றுக்குட்டி முட்டுவதுபோல முதலில் மெதுவாக, பிறகு பலமாக.

"என்னங்க... என்னங்க! தம்பி, ஓடி வா, மூச்சு நிக்குது!"

விரலை எடுத்தான். நாக்கு துள்ளி வெளியே வந்தது. அறைக்குள்ளே நீண்ட இழுப்பு ஒன்று கேட்டது.

"வந்துடுச்சு, வந்துடுச்சு. புரையேறிடுச்சு போல" என்றாள் அண்ணி.

அவன் இன்னொரு தடவை அழுத்தினான். ஏன் செய்தான் என்று அவனுக்கே தெரியாது. உள்ளே மூச்சும் நின்றது, விரலை எடுத்ததும் வந்தது. கணக்கு சரியாக இருந்தது.

"அண்ணி, இன்னைக்கு வேண்டாம். ஒரு சாமான் சரியில்ல."

"ஆறு வருஷமா இதையேதான் சொல்ற. நீ உதைக்கிறியா, நான் வந்து உதைக்கட்டுமா?"

உதைத்தான். எப்போதும் நாலு உதை கேட்கிற எஞ்சின், முதல் உதையிலேயே பிடித்துக்கொண்டது. தகரம் அதிர்ந்தது. நாக்கு முழுசாக வெளியே வந்து நின்றது. இதுவரை பார்த்திராத நீளம்.

"தம்பி!" அழுகையும் சிரிப்புமாக அண்ணியின் குரல். "கண்ணைத் திறந்துட்டாரு! உதடு அசையுது!"

ஜன்னலில் அண்ணனின் கண்கள். நேராக இவனைப் பார்த்தன.

"என்னமோ சொல்றாரு... மூடியாம். எந்த மூடி, தம்பி?"

எஞ்சினை நிறுத்தும் ஒயரைப் பிடுங்கினான். நிற்கவில்லை. பெட்ரோலை அடைத்தான். நிற்கவில்லை.

"இரு, இரு, இன்னும் சொல்றாரு..."

விரல் போனது. அவன் அனுப்பவில்லை. தடுக்கவும் இல்லை.

அழுத்தம்.

சூடு.

முட்டல்.

எஞ்சின் நின்றது. யாரோ கழுத்தைப் பிடித்ததுபோல, ஒரே பிடியில். அறைக்குள் ஒரு கரண்டி விழுந்தது. பிறகு சத்தமே இல்லை.

விரலை எடுத்தான். சதையில் வட்டமாக ஒரு பள்ளம். நாக்கு உள்ளே கிடந்தது. போர்வை அசையவில்லை. எவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டு நின்றான் என்று தெரியவில்லை.

நாக்கு நீண்டது.

அவனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அதுவும் துள்ளியது. அவனுக்கு மூச்சு வாங்கியது, அது வேகமாக வந்து வந்து போனது. மூச்சைப் பிடித்தான்.

நின்றது.

விட்டான். போனது.

கொட்டகை வாசலில் அண்ணி நின்றாள். முகத்தில் அழுகை இல்லை. ஒன்றுமே இல்லை. கையில் துணி. நாக்கின் அடியிலிருந்து எண்ணெய் சொட்டித் தரையில் ஒழுகிக்கொண்டிருந்தது. ஆறு வருஷமாக, வழிவதைக் கண்டால் அந்தக் கை தானாகப் போய்விடும்.

"இதுவும் ஒழுகுது பாரு" என்று குனிந்தாள். துணியை நாக்கின்மேல் வைத்து அழுத்தினாள்.

அவன் வாயைத் திறந்தான். கையை எடுங்கள் என்று சொல்லவேண்டும். சொல்லக் காற்று வேண்டும்.

"என்னமோ சொல்ல வந்தாரு, தம்பி. மூடின்னாரு. அதுக்குள்ள போயிட்டாரு."

முழங்கால் மடங்கியது. கையை நீட்டினான். தலைகுனிந்திருந்த அவள் பார்க்கவில்லை. துணியில் கறுப்பாக ஒரு வட்டம் பரவியது. இன்னும் ஒழுகுகிறதே என்று இரண்டு கையையும் வைத்து, தன் பாரமெல்லாம் சேர்த்து அமுக்கினாள்.

"எந்த மூடி? உனக்குத்தான் தெரியும். நீ சொல்லு."